நாற்பத்தெட்டாவது விதி



படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவிலே நான் ஆற்றிய உரையை, வர இயலாதவர்களுக்கும் சேரும்படி எழுத்திலே தரச் சொன்னார்கள், தருகிறேன். அரசியல் சட்டம் ஆட்சிக்கு எவ்வளவு அதிகாரம் தருகிறது, மக்களிடம் எவ்வளவு பொறுப்பைக் கேட்கிறது என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். நான் சட்டம் பயின்றவன் அல்லன். புகுந்த கல்லூரியையும் பாதியிலே விட்டுவிட்டு வெளியே வந்தவன். மேடையும் நாடகமுமே என் தொழில். நாடகக்காரனுக்கு நாடாளும் சட்டத்திலே என்ன வேலை என்று கேட்பீர்களானால், விடை இருக்கிறது என்னிடம். நான் பேச எடுத்துக்கொண்ட அரசியல் சட்டம் பிறந்ததே ஒரு நாடக அரங்கிலேதான்! அதன் உயிர் போனதும் ஓர் இசை நாடக மண்டபத்திலேதான்! பிறப்புக்கும் இறப்புக்கும் இடையே பதினான்கே ஆண்டுகள்.

ஜெர்மனியைச் சொல்கிறேன். 1918இலே போரில் தோற்றது அந்த நாடு. கோலோச்சிய கெய்சர் ஆலந்து நாட்டுக்கு ஓடினார். கொற்றவன் ஓடிய நாட்டிலே குடிகள் கூடித் தமக்கென ஒரு குடியரசை அமைக்க முனைந்தனர். 1919 சனவரியிலே தேர்தல் நடந்தது. ஜெர்மானியப் பெண்கள் முதன்முறையாக நாடு தழுவிய தேர்தலில் வாக்களித்தது அப்போதுதான். தலைநகர் பெர்லினிலே துப்பாக்கி முழக்கம் ஓயவில்லை. ஆகவே, தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் வைமர் எனும் சிறு நகருக்குச் சென்றனர். கதேயும் சில்லரும் வாழ்ந்த ஊர் அது. அவ்விரு கவிஞர்களும் சிலையாக நிற்கும் தேசிய நாடக அரங்கிலேதான் கூடிற்று அரசியல் நிர்ணய மன்றம். சூலை 31ஆம் நாள் 262 பேர் வேண்டும் என்றனர். 75 பேர் வேண்டாம் என்றனர். ஆகஸ்டு 11ஆம் நாள் கையொப்பமிட்டார் குடியரசுத் தலைவர் ஈபர்ட். சேணம் தைக்கும் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கியவர் அவர். கெய்சர் அமர்ந்த இடத்திலே அவர்! அன்று மகிழாத ஏழை எவன் இருந்திருப்பான்?

சட்டமோ, குறை சொல்ல இயலாத சட்டம். முதற் பார்வைக்கு அப்படித்தான் தோன்றும். மொத்தம் 181 விதிகள். வரைவு தந்தவர் யூகோ பிராய்சு எனும் பேரறிஞர். அரசின் ஆற்றல் மக்களிடமிருந்தே பிறக்கிறது என்று முதல் விதியே முரசறைந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் உரிமை ஒன்று, கடமையும் ஒன்று என்றது. சொத்து உடையவனுக்குச் சொத்தே ஒரு கடமையைச் சுமத்துகிறது என்றது. இரண்டாம் பகுதிக்குத் தலைப்பே 'ஜெர்மானியரின் அடிப்படை உரிமைகளும் கடமைகளும்' என்பது. பொது நலனுக்கு வேண்டியபடி உடலாற்றலையும் அறிவாற்றலையும் பயன்படுத்துவது ஒவ்வொருவரின் அறக்கடமை என்றுகூட ஒரு விதி இருந்தது.

இன்னொன்று சொல்லுகிறேன், கேளுங்கள். 148ஆவது விதி. கட்டாயக் கல்வியை முடித்து வெளியேறும் ஒவ்வொரு மாணவனுக்கும் மாணவிக்கும் அரசியல் சட்டத்தின் அச்சுப்படி ஒன்று தரப்படவேண்டும் என்று அதிலே எழுதி வைத்தார்கள். பதினான்கு வயதுப் பிள்ளை பள்ளியை விட்டு வெளியே வருகிறான். கையிலே நாட்டின் சட்டம்! எத்தனை அழகான எண்ணம்! எந்த நாட்டிலே உண்டு இது? நம் ஊரிலே பள்ளியை முடிக்கும் பிள்ளைக்கு நடத்தைச் சான்றிதழ் தருகிறோம். அங்கே, ஆட்சியின் நடத்தை எப்படி இருக்கவேண்டும் என்ற சான்றிதழைப் பிள்ளையின் கையிலே தந்தார்கள். அந்தப் பிள்ளைகளிலே பலர், வாலிபராகி, பழுப்புச் சட்டை அணிந்து, அதே சட்டத்தை மிதித்துத் தெருவிலே நடந்தார்கள் என்பதுதான் கதையின் கொடுமை.

கட்டிய மாளிகையிலே ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்க மறந்தார்கள். மறந்தார்கள் என்பதுகூடச் சரியன்று. பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள், வைக்கவில்லை. அந்தக் கதவின் பெயர்தான் நாற்பத்தெட்டாவது விதி.

என்ன சொன்னது அது? இரண்டு செய்திகளைச் சொன்னது. கூட்டாட்சியிலே உள்ள ஒரு மாநிலம் தன் கடமையைச் செய்யாவிட்டால், குடியரசுத் தலைவர் படைபலம் கொண்டு அதைச் செய்யவைக்கலாம் — இது ஒன்று. நாட்டின் பொது அமைதிக்கும் பாதுகாப்புக்கும் பேரிடர் நேர்ந்தால், தேவையான நடவடிக்கை எதையும் அவர் எடுக்கலாம். அதற்காக ஏழு அடிப்படை உரிமைகளை நிறுத்திவைக்கலாம் — இது மற்றொன்று. எந்த ஏழு? ஆளைப் பிடித்து அடைக்காதிருக்கும் உரிமை, வீட்டுக்குள் புகாதிருக்கும் உரிமை, கடிதத்தை உடைக்காதிருக்கும் உரிமை, பேசவும் எழுதவும் உரிமை, கூட்டம் கூட உரிமை, சங்கம் அமைக்க உரிமை, சொத்துரிமை. ஏழும் போய்விட்டால் குடிமகனிடம் மிச்சம் இருப்பது என்ன? மூச்சு!

கட்டுப்பாடே இல்லை என்று சொல்லமாட்டேன். நாடாளுமன்றத்துக்கு உடனே தெரிவிக்கவேண்டும். நாடாளுமன்றம் கேட்டால் ஆணையைத் திரும்பப் பெறவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஆனால், அதே குடியரசுத் தலைவருக்கு 25ஆவது விதி, நாடாளுமன்றத்தையே கலைக்கும் உரிமையையும் தந்திருந்தது. காவற்காரனைத் துரத்தும் உரிமையை வீட்டுக்குள் நுழைபவனுக்கே தந்ததற்கு ஒப்பானது அது. விவரங்களைப் பின்னர் ஒரு சட்டம் வகுக்கும் என்று நாற்பத்தெட்டாவது விதியின் கடைசி வரி சொல்லிற்று. அந்தச் சட்டம் வரவே இல்லை. பதினான்கு ஆண்டுகளிலே ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை!

கெட்டவன் கையிலே சிக்கியதால் கெட்டது சட்டம் என்று சிலர் கூறுவதுண்டு. அவர்களுக்காக ஒரு கணக்கைச் சொல்லவேண்டும். அந்த விதியை முதலிலே எடுத்துப் பயன்படுத்தியவர் இட்லர் அல்லர். ஈபர்ட்! நல்லவர், மக்களாட்சியின் மெய்யன்பர். கலகக்காரர்களை அடக்க எடுத்தார்; 1923இலே பணவீக்கம் வெடித்து, காலையிலே ரொட்டிக்கு இருந்த விலை மாலையிலே இல்லை என்ற நிலை வந்தபோது, பொருளாதார ஆணைகளுக்காகவும் எடுத்தார்; அதே ஆண்டிலே, சாக்சனி மாநிலத்தின் இடதுசாரி அமைச்சரவையை விரட்டவும் எடுத்தார். ஏறத்தாழ 136 முறை பயன்படுத்தினார் என்பது ஆய்வாளர் கணக்கு. குடியரசைக் காக்கவே செய்தார், ஐயமில்லை. ஆனால், என்ன ஆயிற்று? ஒற்றையடிப் பாதை உருவாயிற்று. நல்லவர் நடந்து நடந்து புல் தேய்ந்த பாதையிலே, பின்னால் வருபவன் நல்லவனா என்று பாதை கேட்குமா? 'இவர் செய்தால் குற்றமில்லை, நம்மவர்தானே' என்று சொல்லும் பழக்கம் அன்றே அங்கே பிறந்துவிட்டது. அந்தப் பழக்கம் நமக்கும் அயலன்று, தோழர்களே. கட்சிக்காரன் நான், எனக்கும் சேர்த்தே சொல்லுகிறேன்.

1925இலே ஈபர்ட் மறைந்தார். அடுத்து வந்தவர் இண்டன்பர்க். போர்க்களத் தளபதி, முடியரசின் மேல் மோகம் குறையாத முதியவர். 1929இலே அமெரிக்காவிலே வீழ்ந்த பங்குச் சந்தை ஜெர்மனியின் அடுப்பை அணைத்தது. வேலையிழந்தோர்க்கான காப்பீட்டுக்கு யார் எவ்வளவு கட்டுவது என்ற சச்சரவிலே, 1930 மார்ச்சிலே பெரும்பான்மை அமைச்சரவை உடைந்தது. பெரும்பான்மை இல்லாத புரூனிங் தலைமை அமைச்சரானார். அவருடைய நிதித் திட்டத்தைச் சூலையிலே நாடாளுமன்றம் மறுத்தது. மறுத்தால் என்ன? நாற்பத்தெட்டு இருக்கிறதே! அதன் கீழ் ஆணையாகப் பிறப்பித்தார்கள். 'திரும்பப் பெறு' என்று 236 பேர் வாக்களித்தனர், எதிரே 221. சட்டப்படி நாடாளுமன்றம் வென்றது. அன்றைக்கே கலைக்கப்பட்டது நாடாளுமன்றம்! சில நாள்களில் அதே ஆணை மறுபடியும் வந்தது.

செப்டம்பர் 14ஆம் நாள் தேர்தல். 12 இடங்கள் வைத்திருந்த நாஜிக் கட்சிக்கு 107 இடங்கள். பசித்தவன் தெருவிலே நின்றான். மன்றம் பூட்டிக் கிடந்தது. கத்துபவன் பேச்சு அவன் காதிலே ஏறிற்று.

அதற்குப் பிறகு கணக்கைப் பாருங்கள். 1931இலே நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் 34. நாற்பத்தெட்டாவது விதியின் கீழ் வந்த ஆணைகள் 44. 1932இலே நாடாளுமன்றம் இயற்றியவை ஐந்தே ஐந்து. ஆணைகள் அறுபதுக்கும் மேல். அந்த ஆண்டு முழுவதிலும் மன்றம் கூடிய நாள்கள் பதின்மூன்று! விதிவிலக்கு விதியாயிற்று. சர்வாதிகாரி இன்னும் வரவில்லை, தோழர்களே. நாற்காலி செய்து, துடைத்து, மெத்தை போட்டு வைத்தாயிற்று. சமுதாய ஜனநாயகக் கட்சியார்கூட, புரூனிங் போனால் அவரினும் கொடியவர் வருவார் என்று அஞ்சி, ஆணைகளைப் பொறுத்துக்கொண்டனர். அவர்களைப் பழிப்பது எளிது. அறுபது லட்சம் பேர் வேலையின்றி அலைந்த நாட்டிலே, அவர்கள் இடத்தில் நாம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று எண்ணிப் பார்த்தால், நாக்கு சற்றே தயங்குகிறது.

பிரஷ்யாவிலே நடந்தது, மாநில உரிமையைப் பற்றிக் கவலைப்படும் எவரும் மறக்கத் தகாத நிகழ்ச்சி. ஜெர்மனியின் நிலத்திலும் மக்களிலும் ஐந்தில் மூன்று பங்கு கொண்ட மாநிலம் அது. சமுதாய ஜனநாயகக் கட்சியின் ஆட்டோ பிரௌன் அதன் முதலமைச்சர். 1932 ஏப்ரல் தேர்தலிலே பெரும்பான்மையை இழந்தாலும், மாற்று அமைச்சரவை அமையாததால், அவர் பொறுப்பிலே நீடித்தார். சூலையிலே ஆல்டோனா எனும் இடத்திலே நாஜிகளின் ஊர்வலத்தின்போது கலவரம், பலர் மாண்டனர். அமைதியைக் காக்க மாநில அரசுக்கு ஆற்றல் இல்லை என்று காரணம் காட்டி, சூலை 20ஆம் நாள், தலைமை அமைச்சர் பாப்பன், நாற்பத்தெட்டாவது விதியின் கீழ் மாநில அரசை விலக்கிவிட்டுத் தாமே ஆணையராக அமர்ந்தார். பலாத்காரத்துக்கு மட்டுமே பணிவேன் என்றார் மாநில உள்துறை அமைச்சர் செவரிங். மாலையிலே வந்தார்கள், பணிந்தார், வெளியேறினார். வழக்குப் போட்டார்கள். அக்டோபரிலே நீதிமன்றம் ஒரு பாதியைச் சரி என்றது, மறு பாதியைத் தவறு என்றது. ஆணையரோ இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஒரு மாநிலத்தின் கழுத்தை நெரிக்க முடிந்தது. அதற்காக நாடு கொதிக்கவில்லை. கவனித்துக்கொண்டிருந்தான் ஒருவன்!

1933 சனவரி 30. இட்லர் தலைமை அமைச்சர். கத்தி முனையிலே பிடிக்கவில்லை பதவியை. குடியரசுத் தலைவர் 53ஆவது விதிப்படி நியமித்தார். பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. மறுநாளே ஆணை வந்தது. ஏழு உரிமைகளும், அந்த ஏழும், ஒரே கையொப்பத்திலே நின்றுபோயின. மறு அறிவிப்பு வரும்வரை என்று எழுதினார்கள். 1945இலே ஜெர்மனி இடிபாடாகக் கிடந்த நாள்வரை அந்த ஆணை நீக்கப்படவில்லை.

இப்போது இசை நாடக மண்டபத்துக்கு வருகிறேன். எரிந்த கட்டடத்துக்கு எதிரே இருந்தது குரோல் மண்டபம். அங்கே கூடிற்று மார்ச் 23ஆம் நாள் நாடாளுமன்றம். காட்சியை மனக்கண்ணிலே நிறுத்துங்கள். பாட்டும் கூத்தும் நடந்த மேடையிலே, பின்திரைக்குப் பதிலாகப் பெரியதொரு சுவஸ்திகைக் கொடி. தலைமை இருக்கையிலே கோரிங். சுவரோரமெங்கும் பழுப்புச் சட்டையர். வெளியே கூட்டம், சட்டத்தை நிறைவேற்றாவிட்டால் தீயும் கொலையும்தான் என்று முழங்குகிறது. கொண்டுவரப்பட்ட சட்டமோ ஐந்தே விதிகள் கொண்டது. அமைச்சரவையே சட்டம் இயற்றலாம். அரசியல் சட்டத்துக்கு மாறாகவும் இயற்றலாம்! நான்கே ஆண்டுகளுக்குத்தான் என்று ஒரு காலவரை வேறு.

அரசியல் சட்டத்தை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மார்ச் 5ஆம் நாள் தேர்தலிலே, அத்தனை அடக்குமுறைக்குப் பிறகும், நாஜிகளுக்குக் கிடைத்தது நூற்றுக்கு 43.9 வாக்குகள், 647 இடங்களிலே 288. எனவே, எண்ணிக்கையைக் கூட்டும் கலையைக் காட்டினார்கள். பொதுவுடைமைக் கட்சியின் 81 உறுப்பினர்களில் ஒருவரும் மண்டபத்துக்குள் வர முடியாதபடி, சிறையிலோ மறைவிலோ இருந்தனர். தக்க காரணமின்றி வராதவரையும் வந்தவராகவே கணக்கிடலாம் என்று மன்ற நடைமுறை விதியைத் திருத்தினார் கோரிங். சிறையிலே அடைத்துவிட்டு, 'ஏன் வரவில்லை' என்று கேட்பது! நாடகத்திலே இப்படி எழுதினால், நம்பத் தகுந்ததாக இல்லை என்று ஒத்திகையிலேயே நீக்கிவிடச் சொல்வார்கள்.

கத்தோலிக்க மையக் கட்சியின் வாக்குகள் தேவைப்பட்டன. அவர்களுக்கு வாக்குறுதி தந்தான் இட்லர். எழுத்திலே தருகிறேன் என்றான். கட்சித் தலைவர் காஸ் காத்திருந்தார் அந்தக் கடிதத்துக்காக. அனுப்பியாயிற்று, வழியிலே வருகிறது என்றார்கள். வாக்கெடுப்பு வந்தது, கடிதம் வரவில்லை. அவர்களும் ஆதரித்தே வாக்களித்தனர்.

எதிர்த்துப் பேச எழுந்தார் ஒரே ஒருவர். சமுதாய ஜனநாயகக் கட்சியின் ஆட்டோ வெல்ஸ். அவருடைய கட்சியின் 120 உறுப்பினர்களிலே 26 பேர் சிறையிலோ அயல்நாட்டிலோ. சுற்றிலும் சிரிப்பும் சீறலும். எங்கள் உரிமையைப் பறிக்கலாம், உயிரைப் பறிக்கலாம், மானத்தைப் பறிக்க முடியாது என்று அமைதியாகச் சொன்னார் அவர். எண்ணினார்கள் வாக்குகளை. ஆதரவு 444. எதிர்ப்பு 94. அந்தத் தொண்ணூற்று நால்வரும் அவருடைய கட்சியினரே.

நான்கு ஆண்டுச் சட்டம் 1937இலே நீட்டிக்கப்பட்டது, 1939இலே மறுபடியும், 1943இலே மறுபடியும். வைமர் அரசியல் சட்டத்தை இட்லர் முறைப்படி நீக்கியதே இல்லை என்பது பலருக்கு வியப்பளிக்கும். தேவைப்படவில்லை. கூட்டை அப்படியே வைத்துவிட்டு உயிரை மட்டும் உறிஞ்சிக்கொண்டான்.

'மக்களின் பொறுப்பு' என்று எனக்குத் தந்த தலைப்பிலே இருந்ததே, அது இங்கே எங்கே இருக்கிறது? விதிகளிலே கடமை எழுதப்பட்டிருந்தது என்று முன்னமே சொன்னேன். எழுதப்பட்ட கடமையை ஜெர்மானியர் நிறைவேற்றத்தான் செய்தார்கள்! வரி கட்டினார்கள், அலுவலகத்துக்கு நேரத்தில் வந்தார்கள், ஆணைக்குக் கீழ்ப்படிந்தார்கள். ஒழுங்குக்குப் பெயர் போனவர்கள் அன்றோ! காவலர் கைது செய்தார், எழுத்தர் கோப்பிலே பதிந்தார், நீதிபதி சட்ட எண்ணைக் குறித்தார். எல்லாம் முறைப்படி. ஆட்சியாளனைப் பார்த்து, 'இந்த அதிகாரம் உனக்கு எங்கிருந்து வந்தது, எதுவரை வந்தது, என்றைக்குத் திருப்பித் தருவாய்' என்று கேட்பது கடமைப் பட்டியலிலே இல்லை. பட்டியலில் இல்லாததைச் செய்தவர்கள் தொண்ணூற்று நால்வர்.

போர் முடிந்து, மேற்கு ஜெர்மானியர் பான் நகரிலே கூடி 1949 மே 23ஆம் நாள் புதிய அடிப்படைச் சட்டத்தை வெளியிட்டபோது, பழைய வடு அவர்கள் கையை வழிநடத்திற்று. மனிதனின் மாண்பு மீறத் தகாதது என்பதை முதல் விதியாக்கினர். அடுத்த தலைமை அமைச்சரைத் தெரிந்தெடுத்த பிறகே இருப்பவரை நாடாளுமன்றம் இறக்கலாம் என்று 67ஆவது விதியிலே கட்டினர். எந்தப் பெரும்பான்மை வந்தாலும் சில அடிப்படைகளைத் திருத்தவே இயலாது என்று 79ஆவது விதியிலே பூட்டுப் போட்டனர். நாற்பத்தெட்டுக்கு வாரிசு வைக்கவில்லை. நெருக்கடி நிலை பற்றிய விதிகள் 1968இலே, கடும் எதிர்ப்புக்கிடையேதான் நுழைந்தன.

அதே 1949இலே தில்லியில் என்ன நடந்தது? நம்முடைய அரசியல் நிர்ணய சபை, நெருக்கடிநிலை விதிகளை விவாதித்துக்கொண்டிருந்தது. எழுந்தார் எச். வி. காமத். உலகத்து மக்களாட்சி நாடுகளின் சட்டங்களையெல்லாம் துருவிப் பார்த்தேன், இப்படியொரு அத்தியாயத்துக்கு மிக நெருங்கியது வைமர் சட்டத்திலேதான் இருக்கிறது, அதை வைத்துத்தான் இட்லர் அந்தச் சட்டத்தை ஒழித்தான் என்று எச்சரித்தார். கேட்டார்கள், நிறைவேற்றினார்கள். மாநில அரசைக் கலைக்கும் விதியைப் பற்றி அம்பேத்கர், இது பயன்படாத ஏட்டெழுத்தாகவே கிடக்கும் என்று நம்புவதாகச் சொன்னார். அந்த ஏட்டெழுத்து 1951இலே பஞ்சாபிலே எழுந்து நடந்தது. 1959இலே கேரளத்திலே, சட்டமன்றத்திலே பெரும்பான்மை இருந்த அமைச்சரவையையே விழுங்கிற்று. 1976 சனவரி 31ஆம் நாள் தமிழ்நாட்டு ஆட்சியையும் விழுங்கிற்று. தொண்ணூறு முறையேனும் பயன்பட்ட பிறகு, 1994இலே, பொம்மை வழக்கிலே ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, பெரும்பான்மையை ஆளுநர் மாளிகையில் எண்ணாதீர்கள், சட்டமன்றத்தில் எண்ணுங்கள் என்று சொல்லவேண்டியதாயிற்று.

1975 சூன் 25 இரவு. குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்திலே கையொப்பமிடுகிறார். காரணம், உள்நாட்டுக் குழப்பம். அமைச்சரவை முடிவு செய்ததா? இல்லை. மறுநாள் விடியலிலே அமைச்சர்களைக் கூட்டிச் செய்தி சொன்னார்கள்! இரண்டு நாள் கழித்து, சமத்துவம், உயிர், உரிமை, கைதுக்கு எதிரான காப்பு இவற்றுக்காக நீதிமன்றம் செல்லும் உரிமை 359ஆவது விதியின் கீழ் நிறுத்தப்பட்டது. சென்னை மத்தியச் சிறையிலே அந்நாளில் அடைபட்டவர்கள் பட்ட பாட்டைப் பிறகு நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. அதை நான் விரித்தால் உரை வேறு திசையிலே போய்விடும்.

சிறைப்பட்டோரின் வழக்கை ஒன்பது உயர்நீதிமன்றங்கள் ஏற்றன. உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி கன்னா ஒரு கேள்வி கேட்டார் அரசுத் தலைமை வழக்கறிஞரை: ஒரு காவல் அதிகாரி பகைமையால் ஒருவனைக் கொன்றுவிட்டால்? நெருக்கடி நிலை இருக்கும்வரை நீதிமன்றத்திலே அதற்கு வழியில்லை என்று வந்தது விடை. 1976 ஏப்ரல் 28ஆம் நாள் நான்கு நீதிபதிகள் அந்த விடையை ஏற்றனர். கன்னா ஒருவர் மறுத்தார். அடுத்த சனவரியிலே, தலைமை நீதிபதிப் பதவி அவரைத் தாண்டி இளையவருக்குப் போயிற்று, பதவியைத் துறந்தார். நாற்பத்தொரு ஆண்டுகள் கழித்து, 2017 ஆகஸ்டிலே, அந்த நால்வரின் தீர்ப்பு தவறு என்று உச்சநீதிமன்றமே அறிவித்தது. அறிவித்த நீதிபதிகளிலே ஒருவர், அந்த நால்வரில் ஒருவருடைய மகன்!

இதிலே கவனிக்கவேண்டிய வேடிக்கை ஒன்று உண்டு. நம் அரசியல் சட்டத்திலே குடிமகனின் அடிப்படைக் கடமைகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறதே, 51-அ, அது எப்போது நுழைந்தது? 1976இலே, 42ஆவது திருத்தத்தின் மூலம்! உரிமையைக் கேட்டு நீதிமன்றப் படியேற முடியாத ஆண்டிலே, கடமைகள் பத்து என்று பட்டியல் தந்தார்கள், 2002இலே பதினொன்றாயிற்று. அதே திருத்தம்தான் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப்பட்டியலிலே போட்டது. மக்களவையின் ஆயுளை ஆறாண்டாக்கியது. கடமைகள் தீயவை அல்ல. அறிவியல் மனப்பான்மையை வளர்த்துக்கொள் என்கிறது ஒன்று. அதை நான் கைதட்டி வரவேற்பேன். ஆனால், வாக்களிப்பது அந்தப் பட்டியலில் இல்லை; வரி செலுத்துவதும் இல்லை; ஆள்பவரைக் கணக்குக் கேட்பதும் இல்லை. பட்டியலில் இல்லாத அந்த வேலையை 1977 மார்ச்சிலே மக்கள் செய்தனர். வடபுலத்திலே ஆளுங்கட்சி துடைத்தெறியப்பட்டது. தமிழகத்திலே தீர்ப்பு வேறு விதமாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

அந்தத் தேர்தல் பெற்றெடுத்த பிள்ளை, 1978இன் 44ஆவது திருத்தம். 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ஆயுதக் கிளர்ச்சி' என்று வைத்தார்கள். ஒரு திங்களுக்குள் இரு அவைகளும் தனிப் பெரும்பான்மையோடு ஏற்கவேண்டும். ஆறு திங்களுக்கொரு முறை புதுப்பிக்கவேண்டும். மக்களவை வேண்டாம் என்றால் விலக்கவேண்டும். உயிருக்கும் உடலுரிமைக்குமான 21ஆவது விதியை எந்த நெருக்கடியிலும் நிறுத்த முடியாது. அமைச்சரவையின் முடிவு எழுத்து வடிவிலே வந்தாலொழியக் குடியரசுத் தலைவர் பிரகடனம் செய்யலாகாது. ஓர் இரவிலே பட்ட அடிக்கு, ஒரு சொல்லிலே கட்டுப் போட்டார்கள்.

ஆனாலும் கதவு இருக்கத்தான் இருக்கிறது. தாழ்ப்பாள் மட்டும் வலுப்பட்டிருக்கிறது. அதே பெரும்பான்மை கொண்டு அந்தத் தாழ்ப்பாளையும் கழற்ற முனையும் ஆட்சி என்றேனும் வரக்கூடும். அப்போது 'எந்த விதி, எந்த வரி' என்று கேட்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருக்கவேண்டாமா?

உங்கள் ஊர்ப் படிப்பகத்திலே அரசியல் சட்டத்தின் தமிழாக்கம் இருக்கிறதா என்று இன்று மாலையே பாருங்கள். இல்லையென்றால், அடுத்த திங்கள் சந்தாவிலே அதை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். இருந்தால், முதற் பக்கத்திலிருந்து தொடங்கவேண்டாம். 352ஐப் புரட்டுங்கள். 'எழுத்து வடிவில்' என்ற சொல் அதன் மூன்றாம் உட்பிரிவிலே இருக்கும். அதன்கீழ் ஒரு கோடு இழுத்துவிட்டு, புத்தகத்தைப் பக்கத்திலே இருப்பவரிடம் கொடுங்கள்.